டெக்சாஸ் நீதிபதியும் மூன்றாவது ஆணியும்

1

மகேஸ்வரி அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்காமல் போனது இதுதான் முதல் தடவை. வென்ட்வேர்த்வில்லில் எங்கள் தெருவின் மற்ற முனையில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் கடைக்குப் போய்வரும் வழியில் எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து இருந்தால், தேத்தண்ணியும் ஊர்வம்பும் முடியும்வரை எழும்பமாட்டார். கொஞ்சம் சுணங்கினாலே, "என்ன பிள்ளை, பால் கறக்கவோ போனனீ?" என்று குசினிப் பக்கம் குரல் கொடுப்பார்.

அன்றைக்கு நான் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் கிடந்தேன். முதல் நாள் வேலையால் வரும்போது ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் படியில் கால் பிசகிவிட்டது. அன்ரி உள்ளே வந்து, "என்ன தம்பி காலில…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகப் பக்கத்தில் வந்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யிறது தம்பி. எல்லாம் எங்கட கையிலயே இருக்கு?"

"இல்லைத்தான் அன்ரி," என்றேன். ஸ்டேஷன் படி என் கையில் இல்லைதானே.

"நீ மனத்தைத் தளரவிடாத. பிள்ளையையும் மனிசியையும் யோசி."

ஒரு முழங்காலுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றினாலும், வருகிற அனுதாபத்தை ஏன் தள்ளுவான் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். என் மனைவி சுமதி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அன்ரி கோப்பையைத் தொடவில்லை. பிறகு எழும்பி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். "போட்டு வாறன்" என்று விடைபெறும் ஒரு சொல்கூட இல்லை.

"நான் போன கிழமை குடுத்த முறுக்கு காறிப்போச்சுதோ?" என்றாள் சுமதி. நாங்கள் செய்த குற்றம் என்னவென்று இருவரும் மண்டையைப் போட்டுக் குடைந்தோம். அதற்கான விடை டெக்சாஸில் இருந்தது. ஆகவே உங்களையும் ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

2

நாங்கள் மூன்று சகோதரங்கள். மூத்தவர் அக்கா, மெல்பேர்ணில் கிளேட்டனில் மகன் வீட்டில் இருக்கிறார். கடைசி நான். நடுவில் ரவி அண்ணா, ஹூஸ்டனில் ஏசி என்ஜினியர். டெக்சாஸ் வெயிலில் அந்த வேலைக்கு ஒருநாளும் முடிவு வராது.

போன ஒக்டோபரில் நானும் சுமதியும் மகள் அபியும் அண்ணாவிடம் போனோம். ஹூஸ்டன் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் எங்கள் பெட்டியிலிருந்த வறுத்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, தொடர்ந்து தும்மி, இதற்குமேல் கேள்வி வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டி எங்களை அனுப்பிவிட்டார். எங்கள் குடும்பம் இவ்வளவு சுலபமாக எந்த நாட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

அண்ணி ஆஸ்பத்திரித் தாதி. வார இறுதியில் வேலை. ஆகவே அண்ணாவே எங்களைச் சுற்றிக்காட்டக் கிளம்பினார். கடலா, ராக்கெட்டா என்று அபி கேட்டாள். "அதெல்லாம் சின்னப் பிள்ளையளுக்கு. நான் உங்களைச் சரித்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்," என்றார். மூன்று மணித்தியாலம் காரோடிச் சரித்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத சின்ன ஊர். நடுவே ஒரு சதுக்கம், சதுக்கத்தின் நடுவே மணிக்கூட்டுக் கோபுரத்தோடு சுண்ணக்கல்லில் கட்டிய நீதிமன்றம். சுற்றிவர உயர்ந்த முகப்போடு பழைய கடைகள். பின்னால் போய்ப் பார்த்தால் முகப்பின் பாதி உயரம்தான் கடை. மீதி வெறும் பலகை.

அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. இது வங்கியாக இருந்தது. இது குதிரை லாயமாக இருந்தது. ஒரு வெறும் புல்தரையின் முன்னாலும் பலகை. இங்கே ஒரு கட்டடம் இருந்தது, எரிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. அண்ணா ஒன்றையும் விடாமல் நின்று வாசித்தார்.

"எரிஞ்ச கட்டடத்துக்கும் பலகை வைக்கிறதெண்டால் எங்கட ஊரில நடக்க வழியிருக்காதே அண்ணா," என்றேன்.

"அதுதான் நாங்கள் செய்த பிழை," என்றார் அண்ணா. பகிடியாகத்தான் சொன்னார். ஆனாலும் அடுத்த பலகையை நானும் நின்று முழுதாக வாசித்தேன்.

பழைய சிறைச்சாலை இப்போது பழம்பொருள் காட்டும் நூதனசாலை. அங்கே தொண்டு செய்யும் வெள்ளைத்தலை அம்மா ஒருவர் எங்களைக் கண்ட சந்தோசத்தில் அபியை இரும்புக் கூண்டுக்குள் விட்டுப் பூட்டிப் படமெடுக்கச் சொன்னார். ஊர் முழுக்க அந்த அறையில்தான் வைஃபை நன்றாக இழுக்கிறது என்று கண்டுபிடித்த அபி வெளியே வர மறுத்துவிட்டாள். அந்தப் பயணத்தில் அவள் மனமாரச் சிரித்த ஒரே படம் கம்பிக்குப் பின்னால் எடுத்ததுதான்.

சிறைக்குப் பக்கத்தில் பழங்கால உடுப்புப் போட்டுப் படமெடுக்கும் கடை ஒன்று. ஷெரிஃப், சூதாடி, பாதிரியார், எதுவாகவும் ஆகலாம். அண்ணா உடுப்புகளை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, நீதிபதியாக வேண்டும் என்றார். கறுப்புக் கோட்டும் விறைத்த கழுத்துப்பட்டியும் போட்டு, பொய்ச் சங்கிலி மணிக்கூடும் தொங்கவிட்டு, தொப்பியை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்தார். படம் பிடிக்கிற தாடிக்காரர், அந்தக் காலத்தில் யாரும் சிரிப்பதில்லை என்று எச்சரித்தார். எங்கள் குடும்பத்துக்கு அதில் தனிப் பயிற்சி தேவையில்லை. அப்பா தன் கலியாணப் படத்திலேயே சிரிக்கவில்லை.

பெரிதாக்கி மரச் சட்டம் போட்டுத் தந்தார்கள். பழுப்பு நிறம். நேரே பார்க்கிற கண். யாழ்ப்பாணத்துப் பழைய பிரக்கிராசி வக்கீல் ஒருவர் காணி வழக்கில் வென்ற மறுநாள் எடுத்த படம் போலிருந்தது.

3

அன்று அந்த ஊரிலேயே, சதுக்கத்தைப் பார்த்த பழைய ஹோட்டலில் தங்கினோம். பொழுதுபட, மேல்மாடி விறாந்தையில் ஆடுகதிரைகளில் நானும் அண்ணாவும் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் ஹோட்டல் என்ற சொல்லை லேசாகச் சொல்லமுடியாது. அதற்கு ஒரு கதை உண்டு.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் அக்கா முதன்முதலாக அமெரிக்காவுக்குப் போனார். பெட்டி நிறையத் தம்பிக்கு எள்ளுருண்டையும் பருத்தித்துறை வடையும். அண்ணாவின் வீட்டில் கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு நாய்கள். அக்காவுக்கு நாயென்றால் உயிர் போகும். அண்ணா யோசித்து, விமான நிலையத்திலிருந்து நேரே ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய், நீச்சல் குளம் தெரிகிற அறையாகப் பார்த்து அவரை இறக்கிவிட்டார். அக்கா பெட்டியைத் திறக்கவே இல்லை. எள்ளுருண்டை எள்ளுருண்டையாகவே கிளேட்டனுக்குத் திரும்பி வந்தது. "கூடப் பிறந்தவளை வீட்டுப் படி மிதிக்க விடாமல் லொட்ஜில விட்டவன்," என்று மெல்பேர்ணிலுள்ள தமிழ் ஆட்கள் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்தார். அதோடு பேச்சு நின்றது.

அண்ணா இருக்கிறார் என்பதற்காகக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். நான் அக்காவுக்கென்று இன்னொரு குழு தொடங்கி, தபால்காரன் வேலை பார்க்கிறேன். இங்கே வரும் பிறந்தநாள் படங்களை அங்கே போடுவேன், அண்ணாவின் முகம் வராதமாதிரி வெட்டி.

"நான் மரியாதைக்குத்தானேடா செய்தனான்," என்றார் அண்ணா, சதுக்கத்தைப் பார்த்தபடி. "அவ பயந்து நடுங்கக்கூடாதெண்டுதான். அந்த ஹோட்டலில நானே ஒருநாளும் தங்கினதில்லை, அவ்வளவு நல்ல இடம்."

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே."

"எடுக்கமாட்டா. எத்தினை தரம் அடிச்சுப் பாத்திட்டன். எனக்கும் அறுபது வரப்போகுது. அக்கா என்னோட கதைக்காமலே போயிடுவாவோ எண்டு பயமாக் கிடக்கு."

அண்ணா பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கதிரையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே போய் அந்தச் சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய் உன்ர ஹோல் சுவரில மாட்டு. தைப்பொங்கலுக்கு அக்கா உன்ர வீட்டுக்குத்தானே வாறவ? வந்தால் என்ர முகத்தைப் பாக்கத்தானே வேணும்."

"நீதிபதி வேசத்திலயோ?"

"சும்மா முகத்தைத்தான் அவவுக்குப் பிடிக்காதே," என்றார் அண்ணா.

4

சிட்னிக்குத் திரும்பியபோது மரச் சட்டத்தைச் சுங்கப் படிவத்தில் உண்மையாகவே எழுதிக் காட்டினோம். இந்த நாட்டில் பொய் சொன்னாலும் மன்னிப்பார்கள், மரத்தை ஒளித்தால் மன்னிக்கமாட்டார்கள். அதிகாரிப் பெண் பூச்சி இருக்கிறதா என்று சட்டத்தை முன்னும் பின்னும் பார்த்தார், அண்ணாவையும் பார்த்தார். பூச்சியில்லை, போகலாம் என்றார். அண்ணா அவுஸ்திரேலியாவுக்குள் சட்டப்படி வந்து சேர்ந்தார்.

அடுத்த பிரச்சினை ஆணி. எங்களுடையது வாடகை வீடு. சிட்னி வீட்டு விலையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்க ஏஜென்ட்டுக்கு எழுதிக் கேட்டு, அவர் வீட்டுக்காரரைக் கேட்டு, பதில் வருவதற்குள் படத்தில் இருப்பவருக்கு வயதாகிவிடும். முன்பொருமுறை கெஞ்சி அனுமதி வாங்கி அடித்த மூன்று ஆணிகள் ஹோல் சுவரில் வரிசையாக இருந்தன. முதலாவதில் அப்பா. இரண்டாவதில் அம்மா. இருவரும் காலமாகிப் பல வருடங்கள். மூன்றாவதில் பலசரக்குக் கடைக் காலண்டர். காலண்டரைக் கழற்றி அண்ணாவை மாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மீதியைச் சுமதி செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்து, சந்தனம் குழைத்து, அப்பாவின் படத்தில் ஒரு பொட்டு, அம்மாவின் படத்தில் ஒரு பொட்டு வைப்பாள். வாசிப்புக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையில் நின்ற மூன்றாவது ஆளுக்கும் ஒரு பொட்டு விழுந்தது. அதைச் சுமதியும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

மறுநாள் வந்த மகேஸ்வரி அன்ரி கவனித்தார். செத்த வீட்டில் ஒன்றும் குடிக்கக்கூடாது. புறப்படும்போது வாறன் என்று சொல்லக்கூடாது. இரண்டையும் முறைப்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார். வாயைத் திறந்து "எப்ப நடந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாங்களாகச் சொல்லாததைக் கிளறிக் கேட்பது பண்பில்லை என்று நினைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்கக்கூடாததை எல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டிய அன்றைக்குத்தான் பண்பு வந்து தொலைக்கும்.

அன்று பின்னேரமே சாப்பாடு வரத் தொடங்கியது. முதலில் இடியப்பமும் சொதியும். பிறகு புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். ஞாயிறு மத்தியானம் மூன்று வீட்டுச் சோறு. கொண்டுவந்தவர்கள் வாசலில் செருப்போடு நின்று, குரலைத் தாழ்த்தி, "அடுப்பு மூட்டாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்," என்று தந்துவிட்டு விறுக்கென்று போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் முழங்காலுக்கு இந்த வென்ட்வேர்த்வில்லில் இவ்வளவு மதிப்பா? மறுநாளே கட்டை அவிழ்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தும் நான் அவிழ்க்கவில்லை.

"ஒருத்தரும் ஒரு மீன் துண்டு போடேல்லையே," என்று மட்டும் குறைப்பட்டேன்.

அபியின் சிநேகிதி ஒருத்தி, கவலைப்படாதே, நாங்கள் உன்னோடு இருக்கிறோம் என்று செய்தி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை நெட்போலில் தோற்றதற்கு என்று நினைத்து, பரவாயில்லை, அடுத்தமுறை பார்ப்போம் என்று அபி பதில் போட்டாள். இப்படியாக எங்கள் வீட்டில் மூன்று பேரும் எந்தக் குறையுமில்லாமல் அனுதாபத்தில் திளைத்துக்கொண்டிருந்தோம்.

5

திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அக்கா இறங்கினார். வெளிறிய நூல்சேலை, கையில் காதில் ஒன்றுமில்லை. பொங்கலுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்க இவர் ஏன் இப்போது வருகிறார் என்று நான் நொண்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"எனக்குச் சொல்லேல்லையேடா!" என்று என் நெஞ்சில் ஓங்கி அடித்தார். "ஆரோ ஒரு மனிசி கோயிலில வைச்சு எனக்குச் சொல்லவேண்டிக் கிடக்கு. கோவமாய் இருந்தனான்தான். அதுக்கு நான் அழமாட்டன் எண்டு நினைச்சியோ?"

நான் வாய் திறக்குமுன் என்னைத் தள்ளிக்கொண்டு ஹோலுக்குள் போனார். சுவரைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ர ராசா! ஒரு ஹோட்டலுக்காகவேடா உன்னோட கதைக்காமல் இருந்தனான்? நாய் கடிச்சாலும் பரவாயில்லையெண்டு உன்ர வீட்டை வந்து கிடந்திருக்கலாமே! என்ர மடியில வளந்த பிள்ளை, இப்ப ஆரடா உனக்கு…"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன். அப்பா, பொட்டு. அம்மா, பொட்டு. அண்ணா, பொட்டு. சாப்பிட்ட இடியப்பம் அத்தனையும் செத்தவீட்டு இடியப்பம். அண்ணாவுக்கு என்னவோ ஆகித்தான் விட்டதோ என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. குசினி வாசலில் சுமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பாடசாலை விடுமுறையில் சோபாவில் சுருண்டிருந்த அபி, போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "மாமி, பெரியப்பா ஈஸ் ஃபைன். இப்பதான் என்ர போட்டோவுக்கு லைக் போட்டவர்."

அக்காவின் ஒப்பாரி பாதியில் நின்றது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடி இருக்க, அபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அப்ப உந்தப் பொட்டு?"

"கை பழக்கத்தில வைச்சிட்டன் மச்சாள்," என்றாள் சுமதி, சுவருக்குள் போய்விடலாமா என்று தேடுகிற குரலில்.

அக்கா மெல்ல எழும்பினார். வந்த டாக்ஸியைக் கூப்பிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார், இனி அண்ணாவோடு மட்டுமல்ல என்னோடும் பேச்சில்லை, மூன்றாவது வட்ஸ்அப் குழுவைத் தொடங்க ஆளும் இல்லை என்று நினைத்தேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"சுமதி, தேத்தண்ணியைப் போடு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ உவனுக்குப் போனைப் போடு."

6

ஹூஸ்டனில் ஞாயிறு பின்னேரம். திரையில் முதலில் ஒரு நாயின் மூக்கு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, "என்னடா, கால் எப்பிடி?" என்று கேட்டபடி அண்ணா வந்தார். தோட்டத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தார் போல. அரைக் காற்சட்டை, பழைய பெனியன். நான் போனை அக்காவின் கையில் கொடுத்தேன்.

அண்ணாவின் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் கீழே விழுந்த சத்தம் இங்கே கேட்டது.

"அக்கா," என்றார்.

"உன்ர செத்தவீட்டுக்குப் பிளேன் பிடிச்சு வந்திருக்கிறன்," என்றார் அக்கா. "நீ என்னடாவெண்டால் அரைக் காச்சட்டையோட நிக்கிறாய்."

அண்ணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் செத்தது என்று கேட்கவும் தோன்றவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிப் போய், அதைத் துடைக்கவும் மறந்து நின்றார். நானும் சுமதியும் கூரையைப் பார்த்தோம்.

"மெலிஞ்சுபோனாய்," என்றார் அக்கா கடைசியில்.

"இஞ்ச வாங்கோ அக்கா. டிக்கெட் நான் போடுறன்."

"எங்கயடா வர? ஹோட்டலுக்கோ?"

"இல்லை. வீட்டை. நீங்கள் வீட்டில இருங்கோ, நாய் ரெண்டையும் ஹோட்டலில விடுறன்."

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அமர்த்திக்கொண்டு தோள் குலுங்க இருந்தார். சுமதி வைத்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அபி அதையும் போனில் படம் பிடித்தாள்.

அன்று பின்னேரம் மகேஸ்வரி அன்ரி வந்தார், அடுத்த நேரச் சாப்பாட்டோடு. விசயத்தைச் சொன்னோம். "அட பாவியள்! உங்களுக்காக நான் ரெண்டு நாளாய் மீன் தொடேல்லையே," என்று தலையில் கைவைத்தவர், விட்டுப்போன தேத்தண்ணியையும் சேர்த்து இரண்டு கோப்பை குடித்துவிட்டு, வாறன், வாறன் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

அக்கா பொங்கல் முடியும்வரை நின்றார். நின்ற நாளெல்லாம் எங்கள் போன் அவர் கையில்தான். புறப்படுவதற்கு முதல்நாள் கதிரையில் ஏறி, அண்ணாவின் பொட்டை எச்சில் தொட்டு அழித்து, படத்தைக் கழற்றினார். "மூத்தவள் நான் இருக்கேக்க இவனுக்கு என்ன அவசரம்? வரிசையெண்டு ஒண்டு இருக்கெல்லே," என்றார். நடைவழியில் செருப்பு வைக்கிற தட்டின் மேலே சாய்த்து வைக்கச் சொன்னார். ஆணி அனுமதி தேவைப்படாத இடம் அதுதான். காலண்டரைத் திருப்பி மாட்டட்டுமா என்று சுமதி கேட்டதற்கு, "மாட்டு, இப்போதைக்கு," என்றார்.

மறுநாள் டாக்ஸி வந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கும் சுமதிக்கும் அபிக்கும், "அப்ப நான் போட்டு வாறன்," என்றார். இரண்டு அடி போனவர் திரும்பி வந்து, செருப்புத் தட்டின் மேலிருந்த நீதிபதியைக் குனிந்து பார்த்து, அவருக்கும் சொன்னார்.